அனுபவம் தேவையில்லை என்னும் பொய்

"முன் அனுபவம் தேவையில்லை. எல்லோரும் வரலாம்." அமெரிக்கச் சிற்றூர்களின் கம்யூனிட்டி தியேட்டர் ஆடிஷன் அறிவிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் நன்றாகப் பழகியிருக்கும். பெரும்பாலும் முதல் பத்தியிலேயே சிரித்த முகத்தோடு நிற்கும். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் வேறொரு குரல் பேசத் தொடங்கும். நாடகத்தின் பாணிக்கு ஒத்துவரும் பாடல் ஒன்றிலிருந்து 16 பார் தயார் செய்து வரவும். பியானோ வாசிப்பவருக்கு ஷீட் மியூசிக் கட்டாயம். துணை வாத்தியம் இல்லாமல் பாட அனுமதி இல்லை. புகைப்படமும், இதுவரை நடித்த நாடகங்களின் பட்டியலும் இணைக்கவும். நடனத்துக்கேற்ற காலணி அணிந்து வரவும்.

அனுபவம் தேவையில்லாத இடத்தில் நடித்த நாடகங்களின் பட்டியல் எதற்கு? கேட்டால், "சும்மா, ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்பார்கள். சும்மா கேட்கிற எதையும் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்து பேனாவால் அடிக்கோடிட்டுப் படிப்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், வேலை முடிந்த சாயங்காலங்களில் போடும் நாடகத்துக்கு, நடிப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களை வடிகட்டும் சடங்கைக் கொண்டுவந்து வைத்தது பெரிய பிழை. அந்தச் சடங்கு திறமையைக் கண்டுபிடிக்கிறது என்பது ஒரு மூடநம்பிக்கை. ஒருவருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அவர் வீட்டில் என்ன வசதி இருந்தது என்பதைத்தான் அது கண்டுபிடிக்கிறது.

எனக்கு 43 வயது. மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. பதினாறு வருடமாகக் கிழக்குக் கரைப் புறநகர் ஒன்றில் இருக்கிறேன். கடந்த மூன்று வருடங்களில் மூன்று குழுக்களில் ஐந்து ஆடிஷன்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு முறை கூட்டத்தோடு பாடி ஆடும் என்செம்பிளில் இடம் கிடைத்தது. நான்கு முறை பட்டியலில் என் பெயர் இல்லை. "வயித்தெரிச்சல்ல எழுதுறா" என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். வயிற்றெரிச்சல் இருப்பதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது.

1

மியூசிக்கல் பார்த்தே இராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வசனம், பாட்டு, ஆட்டம் மூன்றையும் நடிகர்களே மேடையில் நேரடியாகச் செய்யும் நாடகம் அது. பிராட்வேயில் ஓடி முடிந்த மியூசிக்கல்களை உரிமத் தொகை கட்டி ஊர் ஊராகப் போடுவார்கள். பள்ளி அரங்கிலோ, தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ, பழைய தானியக் கிடங்கை மாற்றிக் கட்டிய கொட்டகையிலோ நடக்கும். பல் மருத்துவர், நூலகர், பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்ற தபால்காரர் எல்லோரும் நடிப்பார்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் ஒத்திகை. பிறகு இரண்டு மூன்று வார இறுதிகளில் காட்சிகள். யாருக்கும் ஒரு பைசா கிடையாது. சில இடங்களில் நடிப்பவர்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும். கேட்கும்போதே ஆசையாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனி ஆடிஷன். வாசலில் படிவம் நிரப்ப வேண்டும். எந்தப் பாத்திரத்துக்கு வந்திருக்கிறீர்கள், என்செம்பிளில் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா, எந்தெந்த நாள் ஒத்திகைக்கு வர முடியாது, கூந்தலை வெட்டச் சம்மதமா. ஓர் எண் கொடுப்பார்கள். காரிடாரில் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் உள்ளே போய், பியானோ வாசிப்பவரிடம் ஷீட் மியூசிக்கைக் கொடுத்து, எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும், என்ன வேகம் என்று சொல்லிவிட்டு, நடுவில் போய் நின்று பாட வேண்டும். மேற்கத்திய இசைக் குறிப்பில் தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பார் என்று பெயர். நம்முடைய ஆவர்த்தனம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், நான்கு தட்டுத் தாளத்தில் போகிற பாட்டென்றால் 16 பார் என்பது 64 தட்டு. அதாவது 32 விநாடி. "தேங்க் யூ" என்பார்கள். வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

அப்புறம் நடனச் சுற்று. 32 எண்ணிக்கைக்கு ஓர் அசைவு வரிசையைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்து, நான்கு நான்கு பேராக ஆடிக்காட்டச் சொல்வார்கள். பிடித்திருந்தால் இன்னொரு நாள் கால்பேக். அங்கே முன்பின் பார்த்திராத வசனத் தாளைக் கையில் கொடுத்து, இன்னொருவரோடு சேர்ந்து நடித்தபடி படிக்கச் சொல்வார்கள். சில நாளில் காஸ்ட் லிஸ்ட் வரும். அதில் பெயர் இல்லாதவருக்கு ஏன் இல்லை என்று ஒரு வரி கூட வராது.

அந்த 32 விநாடியில் என்ன தெரியும்? குரல் கொஞ்சம் தெரியும். மற்றபடி தெரிவதெல்லாம் இவர் இதற்கு முன் ஆடிஷன் செய்திருக்கிறாரா என்பதுதான். ஷீட் மியூசிக்கில் தொடக்கத்தையும் முடிவையும் பென்சிலால் குறிக்க வேண்டும், தாள்கள் பறக்காமல் கோப்பில் கோத்திருக்க வேண்டும், பியானோ கலைஞரைப் பார்த்துச் சொடுக்குப் போட்டு வேகம் காட்டக் கூடாது, மேஜையில் இருப்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பாடாமல் அவர்கள் தலைக்கு மேலே ஓரிடத்தைப் பார்த்துப் பாட வேண்டும். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? அறிவிப்பில் இல்லை. போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களுக்குத் தெரியாது. அக்கிரகாரத்துத் திண்ணை விதிகள் மாதிரி.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஷீட் மியூசிக் படிக்கத் தெரியாது. கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை என்னுடையது. சிறுவயதில் இரண்டு வருடம் பாட்டு டீச்சரிடம் போனதில், என் சுருதி ஐந்தரைக் கட்டை என்பது மட்டும் மறக்கவில்லை. முதல் ஆடிஷனில் பியானோ அம்மாள் "என்ன கீ?" என்று கேட்டபோது என்னிடம் இருந்த விடை அதுதான். அவர் கணக்கில் அதற்கு ஜி ஷார்ப் என்று பெயர். இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரிந்தபோது அந்தப் பருவத்து நாடகமே முடிந்திருந்தது. அந்த அம்மாள் நல்லவர். மெதுவாக ஒரு ஸ்வரத்தை அழுத்தி, "இங்கேயா?" என்று தேடிப் பார்த்தார். மேஜையில் இருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் குரல் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அந்த அறை வந்து சேரவே இல்லை.

2

இது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு ஆடிஷனில் எனக்கு முன்னால் இருந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பதினாறு வயதில் மளிகைக் கடையில் பெட்டி அடுக்கப் போனதால் பள்ளி நாடகத்துக்கெல்லாம் நேரம் இருந்ததில்லை என்று சொன்னார். காத்திருக்கும்போது பதற்றத்தைப் போக்கத் தன் பாட்டை மெல்லப் பாடிப் பார்த்தார். காரிடாரில் பேசிக்கொண்டிருந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அவ்வளவு கனமான, நிதானமான குரல். உள்ளே போனார். பியானோவில் நான்கு பார் முன்னிசை போகும், அதற்குப் பிறகுதான் பாட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. முன்கூட்டியே தொடங்கி, தடுமாறி, நின்று, மறுபடி தொடங்கினார். "தேங்க் யூ" கேட்டது. நடனச் சுற்றுக்கு அவர் இருக்கவில்லை. அதற்கடுத்த ஆடிஷன் எதிலும் அவரை நான் பார்க்கவில்லை.

காரிடாரில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். உள்ளே அது கேட்காமல் போனவர்கள் மூன்று பேர். முடிவு அந்த மூவர் கையில்.

உள்ளே போகிறவர்கள் யார் என்று கவனித்தால் ஒரு சித்திரம் தெளிவாகும். வசதியான பள்ளியில் படித்து, வருடத்துக்கு ஒரு மியூசிக்கலில் நடித்து, தனியாக வாய்ஸ் கிளாஸும் டான்ஸ் கிளாஸும் போனவர்கள். அவர்கள் திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு இருக்கும் திறமை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. யாரோ ஒருவர் அவர்கள் சொதப்பியபோது பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அந்தப் பொறுமையை முன்பே அனுபவித்தவர்களுக்கு மட்டும் மறுபடியும் கொடுப்பதற்குப் பெயர் தேர்வு அல்ல, வாரிசுரிமை.

பெண்களின் பாடு இன்னும் மோசம். மியூசிக்கல்களில் ஆண் வேடங்கள் நிறைய, ஆடிஷனுக்கு வரும் ஆண்கள் கொஞ்சம். சுமாராகப் பாடும் ஆணுக்கு ஏதாவது ஒரு தொப்பியை மாட்டி மேடையில் நிறுத்திவிடுவார்கள். கடைசியாக நான் போனதில் 31 பெண்கள், 7 ஆண்கள். அதிலும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இருந்தது ஒரு அம்மா வேடம், ஒரு வம்பு பேசும் பக்கத்துவீட்டுக்காரி வேடம். அம்மா வேடம் இயக்குநரின் பழைய தோழிக்கு என்று முன்பே பேசி முடித்தாகிவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பில் மட்டும் அந்த வேடமும் "திறந்திருக்கிறது". அதற்காகப் பதினோரு பெண்கள் மூன்று வாரம் வீட்டில் பாடிப் பழகிவிட்டு வந்திருந்தார்கள். பதினோரு பெண்களின் மூன்று வாரச் சாயங்காலங்களுக்கு இவ்வளவுதான் மரியாதை.

3

கம்யூனிட்டி தியேட்டர் என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். 1912-இல் பெர்ஸி மக்காய் என்ற அமெரிக்க நாடகாசிரியர் மக்கள் அரங்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பிலேயே ஓய்வு நேரத்தின் மீட்சி என்ற பொருள்படும் தொடர் இருக்கிறது. உழைத்துக் களைத்த மக்கள் ஓய்வு நேரத்தில் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் இருக்கக் கூடாது, அவர்களே பங்கேற்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1914-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஃபாரஸ்ட் பார்க்கில் அவரும் தாமஸ் வுட் ஸ்டீவன்ஸும் எழுதிய பிரம்மாண்டமான நிகழ்வில் ஏழாயிரம் பேருக்கு மேல் மேடையேறினார்கள். ஊர் மக்கள். 1917-இல் லூயிஸ் பர்லி என்பவர் கம்யூனிட்டி தியேட்டர் என்பதையே தலைப்பில் வைத்து ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரையாக வந்தது மக்காயின் கடிதம்.

ஆக, இந்தச் சொல் பிறக்கும்போதே அதன் முதுகில் ஒரு கடமை ஏற்றப்பட்டிருக்கிறது: பார்ப்பவரைச் செய்பவராக மாற்றுவது. நல்ல நாடகம் போடுவது அதற்கு அடுத்த கடமை. பிராட்வே நல்ல நாடகம் போடுகிறது. ரயிலேறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே செய்யத் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிற குழு முதல் கடமையைக் கைகழுவிவிட்டு, பெயரை மட்டும் பலகையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆடிஷன் எங்கே நியாயம்? பிழைப்பு இருக்கிற இடத்தில். 1975-இல் வந்த எ கோரஸ் லைன் என்ற மியூசிக்கல் முழுக்க முழுக்க ஆடிஷனைப் பற்றியது. நிஜமான நடனக் கலைஞர்கள் கூடி இரவெல்லாம் பேசியதை ஒலிநாடாவில் பதிந்து, அதிலிருந்து உருவாக்கினார்கள். அதில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் வாடகை கட்ட அந்த வேலை தேவை. சம்பளம் கொடுக்கும் முதலாளிக்குப் பொறுக்கி எடுக்கும் உரிமை உண்டு, சரி. நீங்கள் எனக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள்? போஸ்டரில் பெயர், கடைசி நாள் பீட்ஸா. அதற்கு எதற்கு ஐயா இந்த மிடுக்கு?

4

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. "டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் உரிமத் தொகை, பாட்டுப் புத்தக வாடகை, அரங்க வாடகை, வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம். ரெண்டு நாடகம் கையைக் கடிச்சா குழுவே இழுத்து மூட வேண்டியதுதான். பாடத் தெரியாதவர்களை மேடையேத்துனா யார் வருவாங்க?"

யார் வருகிறார்கள் என்று பாருங்கள். முதல் மூன்று வரிசையில் நடிகர்களின் அம்மா, அப்பா, மனைவி, கணவன், பிள்ளைகள், சக ஊழியர்கள். அதற்குப் பின்னால் போன வருடம் நடித்தவர்கள். அதற்குப் பின்னால் அடுத்த வருடம் நடிக்க ஆசைப்படுகிறவர்கள். என்செம்பிளில் ஒரு புதுமுகம் சேர்ந்தால் பத்துப் பதினைந்து டிக்கெட் சேர்கிறது. நான் நடித்த அந்த ஒரே நாடகத்துக்கு என் அலுவலகத்திலிருந்து மட்டும் ஒன்பது பேர் வந்தார்கள். வெறும் கணக்காகப் பார்த்தாலும் வாசலைத் திறந்து வைப்பதுதான் லாபம்.

இன்னொன்று, மியூசிக்கல் என்ற வடிவமே பாடத் தெரியாத பெரியவர்களுக்காகப் பலமுறை வளைந்து கொடுத்திருக்கிறது. 1956-இல் மை ஃபேர் லேடியில் ரெக்ஸ் ஹாரிசன் கதாநாயகன். வயது 48. பாடகர் அல்ல. அவருக்காகப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓடும் பாணியில் பாடல்கள் அமைந்தன. 1957-இல் தி மியூசிக் மேன் நாடகத்தில் ராபர்ட் பிரஸ்டன். 39 வயது, அதுவே அவருடைய முதல் மியூசிக்கல். 1970-இல் அப்ளாஸ் நாடகத்தில் லாரன் பகால். 45 வயது, முதல் மியூசிக்கல், டோனி விருது. 1973-இல் எ லிட்டில் நைட் மியூசிக் நாடகத்தில் கிளினிஸ் ஜான்ஸ். வயது 49. நீண்ட ஸ்வரங்களை இழுத்துப் பிடிக்க அவர் குரலால் முடியாது என்று தெரிந்து ஸ்டீவன் சோண்ட்ஹைம் குட்டிக் குட்டி வரிகளாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். சோண்ட்ஹைம் எழுதியவற்றில் மிகப் பிரபலமான பாட்டு அதுதான்.

அவர்கள் எல்லாம் தேர்ந்த நடிகர்கள் என்பீர்கள். உண்மை. நான் சொல்வது, பாட்டுத் திறமைக்கு மேலே வேறொன்று மேடையில் வேலை செய்கிறது, அது 16 பாரில் பிடிபடாது என்பதைத்தான். பிராட்வே மூளைக்கு எட்டிய இந்தச் சங்கதி தேவாலயக் கீழ்த்தளத்துக்கு எட்டவில்லை. ஹாரிசன் இன்றைக்கு எங்கள் ஊர் ஆடிஷனுக்கு எண் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் செட்டுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பியிருப்பார்கள்.

இதில் உச்சபட்ச வேடிக்கை தி மியூசிக் மேன் கதைதான். அமெரிக்கப் பள்ளிகளும் சிற்றூர்க் குழுக்களும் திரும்பத் திரும்பப் போடும் நாடகங்களில் ஒன்று. மெரிடித் வில்சன் தன் சொந்த ஊரான அயோவாவின் மேசன் சிட்டியை மனதில் வைத்து எழுதியது. ஹரால்ட் ஹில் என்ற மோசடிப் பேர்வழி ஒரு சிற்றூருக்கு வந்து, பிள்ளைகளுக்கு வாத்தியக்குழு அமைத்துத் தருகிறேன் என்று சொல்லி வாத்தியங்களையும் சீருடைகளையும் விற்கிறான். அவனுக்கு ஒரு ஸ்வரம் கூடத் தெரியாது. கடைசியில் மாட்டிக்கொள்கிறான். அப்போது அந்தப் பிள்ளைகள் சீருடையில் வந்து நின்று வாசிக்கிறார்கள். கர்ணகடூரமாக வாசிக்கிறார்கள். பெற்றோர்களோ பூரித்துப்போய்த் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நாடகத்தின் உச்சமே அந்த அபஸ்வரம்தான். அந்த நாடகத்தில் ஊர்க்காரியாக ஓரத்தில் நிற்கத்தான் 32 விநாடியில் பிசிறில்லாமல் பாடிக் காட்டச் சொல்கிறார்கள். கதையை யாராவது முழுசாகப் படித்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

5

வெள்ளைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் அது அரைகுறை நியாயம். நம்மவர்கள் பக்கம் வருகிறேன்.

அமெரிக்கத் தமிழ்ப் புறநகரில் கலைக்குக் குறைவே இல்லை. வார இறுதியில் பாட்டு வகுப்பு, பரதநாட்டிய வகுப்பு, மிருதங்க வகுப்பு. கிளீவ்லேண்டில் 1978 முதல் தியாகராஜர் ஆராதனை விழா நடக்கிறது, அதில் பிள்ளைகளுக்குப் போட்டிகள். கோடைக்காலம் வந்தால் அரங்கேற்ற அழைப்பிதழ்கள். இந்த மொத்த ஏற்பாட்டிலும் நாற்பது வயதுக்காரர்களுக்கு இருக்கும் வேடங்கள் மூன்று: கார் ஓட்டுவது, வீடியோ எடுப்பது, செக் எழுதுவது.

நான் ஆடிஷனுக்குப் போகிறேன் என்றதும் ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னது இது: "ஏண்டி, கழுதை வயசாச்சு, இப்பப் போய் மேடையில குதிக்கணுமா? ஆசையா இருந்தா பொண்ணைச் சேர்த்துவிடு." அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசையைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைத்துவிட வேண்டும் என்பது நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட உயில். தமிழ்ச் சங்கத்தில் ஒரு தம்பி, முப்பது கூட ஆகவில்லை, "அக்கா, மிட்லைஃப் க்ரைசிஸா?" என்று கேட்டுச் சிரித்தான். காரை மாற்றியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இருபத்தைந்து, முப்பது வயதுதான் இருக்கும். உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். நாற்பத்தைந்து வயதில் முதல் சிறுகதை எழுதியவரை நீங்கள் கொண்டாடுகிறீர்கள். விமர்சனம் எழுதுகிறீர்கள், கூட்டம் போடுகிறீர்கள். அதே ஆள் நாற்பத்தைந்து வயதில் மேடையேறிப் பாடினால் ஏன் செல்போனை எடுத்து மீம் போடுகிறீர்கள்? எழுதுகிறவனின் முதல் பத்துச் சொதப்பல்கள் கணினிக்குள் புதைந்து கிடக்கின்றன. பாடுகிறவளுக்கும் ஆடுகிறவளுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவளுடைய சொதப்பல் தொப்பையோடும் வியர்வையோடும் எல்லோர் முன்னாலும்தான் நடந்தாக வேண்டும். அந்தத் துணிச்சலைத்தான் நீங்கள் நகைச்சுவை என்று புரிந்துகொள்கிறீர்கள்.

இத்தனைக்கும் நம் நாடக வரலாறு இந்தச் சிரிப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கிய பாய்ஸ் கம்பெனிகள் ஒரு வழி. இன்னொரு வழியும் இருந்தது. வக்கீலான பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தன் தெலுங்குக் குழுவைச் சென்னைக்குக் கொண்டுவந்து நாடகம் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடகத்தின் மேல் இருந்த இளக்காரம் போனது. 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபாவில் மேடையேறியவர்கள் படித்து வேலை பார்த்த பெரிய மனிதர்கள். நாடகம் அவர்களுக்குப் பிழைப்பு அல்ல. சம்பந்த முதலியாரே வக்கீல், பிறகு நீதிபதி. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அந்தச் சபாவில் நடித்திருக்கிறார். பிற்காலத்தில் ஏஜி ஆபீஸ் வேலையில் இருந்தபடியே நாடகம் போட்ட கே. பாலசந்தர், ரயில்வே வேலையில் இருந்தபடியே நடித்த நாகேஷ் என்று பட்டியல் நீளும். ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடுகிறவனை ஒரு காலத்தில் இந்தச் சமூகம் கௌரவமாகப் பார்த்தது. அமெச்சூர் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு நேசிப்பது என்று பொருள். நாம் அதை அரைவேக்காடு என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

6

எனக்கு இடம் கிடைத்த அந்த ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வாதத்தின் வலுவான ஆதாரம் அதுதான்.

என்செம்பிளில் என் பக்கத்தில் நின்றவர் ஓய்வு பெற்ற நர்ஸ். இருபது வருடமாக அந்தக் குழுவில் பாடுகிறார். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதுதான் சேர்ந்து பாடுவது என்பது எனக்குப் பழக்கம். இங்கே நான்கு குரல் நான்கு வரியில் போகும். முதல் இரண்டு வாரம் என் வரியை விட்டுவிட்டுப் பக்கத்து வரிக்குத் தாவிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளைகளில் என் வரியை என் காதோரம் முனகிக் காட்டுவார். தாளில் புள்ளி மேலே போனால் குரல் மேலே, கீழே வந்தால் குரல் கீழே, "அவ்வளவுதான் கண்ணு, ஏணி மாதிரி" என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்வார். ஆறாவது வாரம் ஷீட் மியூசிக்கைத் தட்டுத் தடுமாறிப் படிக்க ஆரம்பித்தேன். காட்சி நாட்களில் என் வரி என்னிடமே இருந்தது.

ஆடிஷனில் எதைக் கேட்டு நான்கு முறை என்னைத் திருப்பி அனுப்பினார்களோ, அதை உள்ளே விட்டதும் ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தது அதே மாதிரி ஒரு கம்யூனிட்டி தியேட்டர்தான். வேறு எந்தப் பள்ளியும் இந்த வயதில், காசில்லாமல், ஒரு கணக்காளருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்காது. இந்தச் சக்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசலில் வடிகட்டி மாட்டியிருக்கிறார்கள்.

"முதலில் திரைக்குப் பின்னால் வேலை செய்யுங்கள், செட்டுக்குப் பெயின்ட் அடியுங்கள், முகம் பழகட்டும்" என்று நல்ல மனதோடு அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. பெயின்ட் அடிப்பது நல்ல வேலை. அதை விரும்பி வருகிறவர்கள் செய்யட்டும். பாட வந்தவரிடம் பிரஷைக் கொடுத்து இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வது குருகுலத்தில் விறகு வெட்டச் சொன்ன கதை. நாங்கள் யாரும் சிஷ்யர்கள் இல்லை. வரி கட்டும், முழங்கால் வலிக்கும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் பெரியவர்கள்.

நான் கேட்பது கதாநாயகி வேடம் இல்லை. கேட்பவை இவைதான். முன்பே முடிவான வேடங்களை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் வீணாகப் பழகிக்கொண்டு வர வேண்டாம். ஆடிஷனுக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, பியானோவோடு எப்படிப் பாடுவது, தாளில் எங்கே கோடு போடுவது என்று புதியவர்களுக்குக் காட்டுங்கள். இரண்டு மணி நேரம் போதும். ஷீட் மியூசிக் இல்லாதவர் பின்னணி இசையை ஓடவிட்டோ வெறும் குரலிலோ பாடட்டும். என்செம்பிளில் ஐந்தில் ஓர் இடம் இதுவரை மேடையேறாதவர்களுக்கு என்று எழுதி வையுங்கள். எடுக்காதவர்களுக்கு இரண்டு வரி காரணம் எழுதுங்கள். உயரமான ஸ்வரங்கள் எட்டவில்லை, தாளம் தவறியது, ஆள் அதிகம், ஏதோ ஒன்று. ஒரு பெரிய மனுஷிக்கு மௌனத்தைப் பதிலாக அனுப்பாதீர்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

இந்த ஐந்தில் ஒன்றைக் கூடச் செய்ய மனமில்லையென்றால் அதுவும் சரி. பலகையிலிருந்து கம்யூனிட்டி என்ற சொல்லை எடுத்துவிட்டு, நாங்கள் பத்து நண்பர்கள் சேர்ந்து நாடகம் போடுகிறோம், பார்க்க மட்டும் வாருங்கள் என்று எழுதிவிடுங்கள். அதில் ஒரு நேர்மை இருக்கும். நானும் டிக்கெட் வாங்கி வந்து கைதட்டிவிட்டுப் போவேன்.

இலையுதிர்காலத்து ஆடிஷன் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஷீட் மியூசிக்கில் என்னுடைய 16 பாருக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், போகத்தான் போகிறேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். முதல் எண்ணைக் கூப்பிடுவதற்கு முன் எழுந்து, கதவைத் திறந்து, ஐந்து நிமிடம் காரிடாரில் வந்து நில்லுங்கள். அங்கே யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள்.